மூன்று நாடுகளின் முச்சந்தி ஒரு மலை உச்சியில்

"ஆகஸ்டில் அலுவலக வேலையாகச் சூரிக் வருகிறேன். இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். ஆல்ப்ஸில் மூன்று நாட்டு எல்லைகள் கூடும் உச்சிக்கு நடந்தே போகலாம் என்கிறார்கள். மலையேற்றப் பயிற்சி இல்லாத என்னால் முடியுமா? மூன்று நாட்டுக்கும் விசா வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். விசா தொல்லையும் இல்லை. ஆனால் எந்த உச்சிக்குப் போவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் மோன் டோலான். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றும் கூடும் மலை. 3,820 மீட்டர். படத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பனியாற்றைக் கடக்க வேண்டும், இடுப்பில் கயிறு, கையில் பனிக்கோடரி, பக்கத்தில் தேர்ந்த வழிகாட்டி எல்லாம் வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஏறினாலும், எல்லைகள் கூடும் புள்ளி உச்சியில் இல்லை. உச்சிக்கு வடமேற்கே, முகட்டில் சற்றுக் கீழே இருக்கிறது. அடுத்து ட்ரைலேண்டர்ஷ்பிட்ஸே. பெயருக்கு "மூன்று நாட்டு உச்சி" என்று பொருள் சொல்லி ஆட்களை அனுப்பிவைப்பார்கள். ஆஸ்திரியாவில் "லாண்ட்" என்றால் மாநிலம். 3,197 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியில் கூடுவது ஆஸ்திரியாவின் டிரோல், ஃபோரார்ல்பெர்க் மாநிலங்களும் சுவிட்சர்லாந்தின் கிராவுபூண்டனும்தான். நாடுகள் என்று எண்ணினால் இரண்டே தேறும். பிட்ஸ் லாட் மலைப்பக்கம் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி கூடும் எல்லைக்கல் ஒன்று உண்டு. அதுவும் உச்சியில் இல்லை, அறுநூறு மீட்டர் கீழே இருக்கிறது. ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்லோவேனியா மூன்றும் கூடும் பெச் உண்மையிலேயே உச்சிதான், நல்ல இடமும்கூட. ஆனால் 1,508 மீட்டர்தான். குடும்பத்தோடு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்வரும் மலை அது. நீங்கள் ஆசைப்படுகிற மரமற்ற பாறையும் காற்றும் அங்கே கிடைக்காது.

உங்களுக்கு நான் சொல்வது நாஃப்கோப்ஃப். 2,570 மீட்டர். ரேட்டிகோன் மலைத்தொடரில் லிக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்றும் அதன் உச்சியிலேயே கூடுகின்றன. கயிறு வேண்டாம், பனியாறு இல்லை. சூரிக்கிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாகக் காலையில் கிளம்பி மலையடிவாரம் சேர்ந்துவிடலாம். நான் ரைன் பள்ளத்தாக்கின் சுவிஸ் பக்கத்தில் குடியிருக்கிறேன். இதுவரை மூன்று முறை கிளம்பி இரண்டு முறை உச்சியைத் தொட்டிருக்கிறேன். தொடாமல் திரும்பிய கதையைப் பிறகு சொல்கிறேன்.

போகும் வழி: சூரிக்கிலிருந்து சார்கான்ஸ் வரை ரயில், விரைவு வண்டி என்றால் ஒரு மணி நேரம். அங்கிருந்து 11ஆம் எண் பஸ்ஸில் லிக்டன்ஸ்டைன் தலைநகர் ஃபாடுட்ஸ். ஃபாடுட்ஸில் 21ஆம் எண் பஸ் பிடித்தால் ட்ரீசன்பெர்க் ஊரின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஒரு சுரங்கப்பாதைக்குள் புகுந்து, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி மால்பூனில் விடும். பஸ் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் காட்சியே மாறிவிடும். வங்கிகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த ரைன் பக்கம் பின்னே போய், மாட்டு மணிச் சத்தம் கேட்கத் தொடங்கும். மால்பூன் 1,600 மீட்டரில் இருக்கிறது.

மால்பூனிலிருந்து இரண்டு வழி. ஒன்று, சேர்லிஃப்ட்டில் ஏறி 2,000 மீட்டரில் உள்ள சாரைஸில் இறங்கி, முகட்டின் மேலேயே நடந்து, 2,359 மீட்டர் உயரமான ஆவுக்ஸ்டன்பெர்க்கைத் தாண்டி, பெட்லர்யோஹ் கணவாயில் இறங்குவது. இதற்குப் பெயர் ஃபூர்ஸ்டின் கீனா பாதை. லிக்டன்ஸ்டைன் இளவரசரின் மனைவியாக இருந்து 1989இல் மறைந்த கீனாவின் பெயர். வழி நன்றாகப் போடப்பட்டிருக்கிறது. ஆனால் சில இடங்களில் ஒரு பக்கம் சரேலென்று இறங்கும். உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர் என்றால் இது வேண்டாம். இன்னொன்று டேலிஹோயி என்ற மேட்டைத் தாண்டி, கிரிட்ஷ் மேய்ச்சல் நிலம் வழியாக அதே கணவாய்க்குச் சுற்றிப் போவது. அகலமான பாதை, மாடுகளோடு நடக்கலாம். என்னைக் கேட்டால் போகும்போது முகடு, திரும்பும்போது மேய்ச்சல் நிலம். காலையில் காலில் தெம்பு இருக்கும்போது முகட்டை முடித்துவிட வேண்டும்.

யோஹ் என்றால் ஜெர்மனில் நுகத்தடி. இரண்டு மலைகளுக்கு நடுவே நுகத்தடி போல வளைந்து தாழும் இடத்துக்கு அந்தப் பெயர். பெட்லர் என்றால் பிச்சைக்காரர். ஆக, பிச்சைக்காரர் நுகத்தடி. அந்தக் கணவாயின் மேல் 2,108 மீட்டரில் ஃபெல்ஸர்ஹூட்டே என்ற மலைக்குடில் நிற்கிறது. ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதி மலையேற்றச் சங்கத்தார் கட்டியதால் அந்தப் பெயர். இப்போது அது லிக்டன்ஸ்டைன் மலையேற்றச் சங்கத்தின் கையில் இருக்கிறது. வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் ஆஸ்திரியாவின் நென்ட்ஸிங்கர் ஹிம்மல் பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும். ஹிம்மல் என்றால் சொர்க்கம். சொர்க்கத்தைக் குனிந்து பார்க்கிற இடம் இது ஒன்றுதான் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுண்டு, யாரும் சிரித்ததில்லை.

குடிலிலிருந்து உச்சிக்கு இன்னும் 460 மீட்டர் ஏற்றம். ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். முதலில் புல்மேடு, பிறகு சாம்பல் நிறச் சரளைச் சரிவு. இந்தச் சரளைதான் ஆளைச் சோதிக்கும். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். மேலே போகிறவர் கால் பட்டுக் கல் உருண்டால் கீழே வருகிறவர் தலைக்கு நேரே வரும். அதனால் கூட்டமாக ஒருவர் பின் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதமும் பதிகிற மாதிரி, அவசரப்படாமல் வையுங்கள். கணுக்கால் வரை மூடுகிற, அடிப்பாகம் கெட்டியான பூட்ஸ் இல்லாமல் போகவே வேண்டாம். ஜாகிங் ஷூவில் வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது முட்டிக்குக் கம்பு பெரிய உதவி.

பாதைக்குறிகளைக் கவனியுங்கள். லிக்டன்ஸ்டைனிலும் சுவிட்சர்லாந்திலும் மலைப்பாதைக்குக் கல்லில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை அடித்திருப்பார்கள். ஆஸ்திரியாவில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு. அவர்கள் கொடியும் அப்படித்தானே. இந்த மலைகளில் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதைப் பல இடங்களில் சொல்லிக்கொடுப்பது இந்த வண்ணப்பூச்சு மட்டும்தான். வேலி கிடையாது, காவலாளி கிடையாது. சுவிஸ் பக்கம் வெள்ளை, நீலம், வெள்ளைப் பட்டையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். அது தேர்ந்த மலையேறிகளுக்கான வழி. மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. புதியவர் என்றால் அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

உச்சியில் ஒரு சிலுவை நிற்கும். வடமேற்கே ரைன் பள்ளத்தாக்குக்கு அப்பால் 2,502 மீட்டர் ஸென்டிஸ், கிழக்கே இந்தத் தொடரின் பெரியண்ணன் ஷேசாப்லானா, 2,965 மீட்டர், பக்கத்திலேயே ஃபால்க்னிஸ். லிக்டன்ஸ்டைனின் மிக உயரமான கிராவுஷ்பிட்ஸ் 2,599 மீட்டர், அதுவும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தெரியும். ஆனால் அதற்குக் குறியிட்ட பாதை கிடையாது. உச்சியிலிருந்து பார்த்து "இதையும் முடித்துவிடலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள்.

நேர்மையாகச் சொன்னால், மூன்று நாட்டில் ஒரே நேரத்தில் கால் வைத்து நிற்கும் மகிழ்ச்சி ஐந்து நிமிடம்தான் தாங்கும். படம் எடுப்போம், சிரிப்போம், முடிந்தது. அந்தக் கோடுகளின் கதை தெரிந்து போனால்தான் அந்த இடத்தில் அரை மணி நேரம் உட்காரத் தோன்றும். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

லிக்டன்ஸ்டைனுக்கு அண்டை நாடு இரண்டே இரண்டு. அதனால் அதே மூன்று நாடுகள் கூடும் முச்சந்தியும் இரண்டு. ஒன்று நீங்கள் ஏறுகிற உச்சி. மற்றது நாட்டின் வடமுனையில், ரைன் ஆற்றின் நடுத் தண்ணீரில். ஒன்றில் நிற்கலாம், மற்றதில் நீந்தத்தான் முடியும். இதில் இன்னொரு விசேஷம்: உச்சியின் வடமேற்கில் லிக்டன்ஸ்டைன் பக்கம் விழும் மழை வலூனா பள்ளத்தாக்கு வழியாகச் சமீனா ஓடையில் சேர்ந்து ஆஸ்திரியாவுக்குப் போய் இல் ஆற்றில் கலக்கிறது. கிழக்குச் சரிவு நீர் மெங் ஓடையாக அதே இல் ஆற்றுக்குப் போகிறது. தெற்கே சுவிஸ் பக்கம் விழுவது லான்ட்குவார்ட் ஆறாகிறது. இல், லான்ட்குவார்ட் இரண்டுமே கடைசியில் ரைனில்தான் கலக்கின்றன. உச்சியில் குப்பியைக் கவிழ்த்து எந்த நாட்டுப் பக்கம் தண்ணீர் ஊற்றினாலும் அது கான்ஸ்டன்ஸ் ஏரி என்று நம்மவர்கள் எழுதுகிற போடன்ஸே ஏரிக்குள் நுழைந்து, பாசல் வழியாக, நெதர்லாந்தில் வட கடலைத் தொடும்.

மழைக்கு எல்லை தெரியாது, சுங்கத்துக்குத் தெரியும். 1852 முதல் 1919 வரை லிக்டன்ஸ்டைன் ஆஸ்திரியாவோடு சுங்க ஒப்பந்தத்தில் இருந்தது. அதாவது உச்சியிலிருந்து ஆஸ்திரியா பக்கம் இறங்கும் கோட்டுக்குப் பெரிய மதிப்பில்லை, சுவிஸ் பக்கக் கோடுதான் உண்மையான எல்லை. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா நொறுங்கி அதன் பணமும் மதிப்பிழந்தது. லிக்டன்ஸ்டைன் திரும்பி உட்கார்ந்தது: 1923இல் சுவிட்சர்லாந்தோடு சுங்க ஒப்பந்தம், பிறகு சுவிஸ் ஃபிராங்கே நாட்டுப் பணம். ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் கனத்த கோடு மலையின் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிவிட்டது.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அந்தக் கிழக்குக் கோடு உயிரைக் காக்கும் கோடாகிவிட்டது. ஆஸ்திரியாவிலிருந்து தப்புகிறவர்கள் ரேட்டிகோன் பகுதிக் கணவாய்கள் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் நுழையப் பார்த்தார்கள். யூரா சொய்ஃபர் என்ற இளம் யூத எழுத்தாளர் அந்த மாதமே பனிச்சறுக்குக் கட்டைகளோடு, இதே தொடரின் கிழக்குக் கோடியில் கார்கெல்லன் அருகே எல்லையைத் தாண்ட முயன்று பிடிபட்டார். 1939 பிப்ரவரியில் புகென்வால்ட் வதைமுகாமில் இறந்தார். வயது 26. உச்சியில் நின்று கிழக்கே வரிசையாகத் தெரியும் முகடுகளைப் பார்க்கும்போது இவர் நினைவு வராமல் எனக்குப் போனதில்லை.

இன்றைக்கு அந்தக் கோடுகளின் கணக்கு வேறு. ஆஸ்திரியா 1995 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. லிக்டன்ஸ்டைன் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அதே ஆண்டு முதல், ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் மட்டும் பங்குகொள்ளும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. சுவிஸ் மக்கள் 1992இல் வாக்களித்து அந்தப் பகுதியும் வேண்டாம் என்றுவிட்டார்கள். உள்ளே ஒருவர், திண்ணையில் ஒருவர், தெருவில் ஒருவர் என்று மூன்று விதமான உறவு அந்தச் சிலுவையடியில் கூடுகிறது. இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் பர்ஸையும் தொடும். "ஐரோப்பிய ரோமிங்" என்று வாங்கிய சிம் பெரும்பாலும் லிக்டன்ஸ்டைனிலும் ஆஸ்திரியாவிலும் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் சேராத திட்டங்கள் பல. உச்சியில் போன் தன் இஷ்டத்துக்குக் கோபுரம் மாறும். பத்து நிமிடத்தில் மூன்று நாட்டு வரவேற்புக் குறுஞ்செய்தியும் வந்து விழும். வேடிக்கையாகத்தான் இருக்கும், பில் வரும் வரை. கணவாயிலேயே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

விசா விஷயம் சுலபம். மூன்றும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஆஸ்திரியா முதலில் வந்தது, சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரில், லிக்டன்ஸ்டைன் 2011 டிசம்பரில். சூரிக் வருவதற்காக வாங்கும் ஷெங்கன் விசாவே போதும், ஒருமுறை நுழைவு என்றாலும் போதும், ஏனென்றால் நீங்கள் ஷெங்கனைவிட்டு வெளியே போகவில்லை. பாஸ்போர்ட்டைப் பையில் வைத்திருங்கள். மலைமேல் யாரும் கேட்கமாட்டார்கள். திரும்பும் வழியில் ஆஸ்திரியா பக்கம் இறங்கி ரயில் பிடித்தால் சோதனை இருக்கலாம்.

எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு கதை. 2007 மார்ச்சில் சுவிஸ் காலாட்படை வீரர்கள் ஏறத்தாழ 170 பேர் இரவுப் பயிற்சியில் வழி தவறி லிக்டன்ஸ்டைனுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிட்டார்கள். 1868லேயே படையைக் கலைத்துவிட்ட நாடு அது. எதிர்க்க ஆளில்லை. சுவிட்சர்லாந்து தானாகவே தகவல் சொல்ல, லிக்டன்ஸ்டைன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வழி தெரிந்த படையே தவறுகிறது, நீங்கள் வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் திரும்பிய கதை. ஜூலை மாதம், காலை பத்தரைக்குத்தான் மால்பூனில் கால் வைத்தேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. குடிலில் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குச் சரளையில் ஏறும்போது ஃபால்க்னிஸுக்குப் பின்னால் ஒரு மேகம், காலிஃபிளவர் மாதிரி. "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று ஏறினேன். இருபது நிமிடத்தில் அது தலைக்கு மேல் இருந்தது. ட்ரெக்கிங் கம்பின் நுனி மெல்ல ரீங்காரமிட்டது, வண்டு பறக்கிற மாதிரி. காற்றில் மின்னேற்றம் ஏறினால் உலோகம் அப்படிப் பாடும் என்று படித்திருக்கிறேன், கேட்டது அன்றுதான். கம்பைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, சரளையில் பாதி உட்கார்ந்த நிலையில் சறுக்கி இறங்கினேன். குடில் வாசலை நான் தொட்டபோது முதல் இடி இறங்கியது. அந்த உச்சியில் மூன்று நாடுகள் கூடலாம், ஒதுங்க ஒரு இடம் கிடையாது. ஆகஸ்டிலும் பிற்பகல் இடிமழை சகஜம். மதியத்துக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள்.

அதனால்தான் ஒரே நாளில் போய் வருவதைவிட, குடிலில் ஓர் இரவு தங்கச் சொல்வேன். ஒரே நாளில் முடியாது என்றில்லை. ஏழு மணி நேர நடை, கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். இரண்டு நாள் இருக்கிறதே உங்களுக்கு. முதல் நாள் காலையிலேயே கிளம்பி முகட்டு வழியாகக் குடில், மறுநாள் விடிந்ததும் உச்சி, பத்து மணிக்குள் திரும்பிக் குடிலில் காபி, மாலையில் சூரிக். ஜூன் பாதிவரை மேலே பனித்திட்டு கிடக்கும். ஆகஸ்ட் அந்தக் கவலை குறைவு, ஆனால் குளிர்காப்பு மேலங்கியும் மழைச்சட்டையும் எடுத்துவாருங்கள். ஆகஸ்டில்கூட அங்கே பனி தூவிப் பார்த்திருக்கிறேன். அவசரம் என்றால் 112 எந்த நாட்டிலும் வேலை செய்யும். சுவிஸ் வான்வழி மீட்புக்கு 1414, ஆஸ்திரிய மலைமீட்புக்கு 140. நீங்கள் எடுக்கும் பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். கன்றோடு இருக்கும் பசு பாதையில் நின்றால் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். நம் ஊர்ப் பசு போல் தட்டிக்கொடுக்கப் போனால் முட்டும்.

குடிலுக்கு முன்பதிவு கட்டாயம். பொதுக்கூடத்தில் வரிசையாக மெத்தை போட்டிருக்கும், குறட்டைக்குக் காதடைப்பான் கொண்டுபோங்கள். மெத்தைமேல் விரித்துக்கொள்ளத் துணி உறை நீங்களே கொண்டுவர வேண்டும். பூட்ஸை வாசல் அறையில் கழற்றிவைத்து அங்குள்ள செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபிராங்கில் ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். சாப்பாட்டுக்கு கேஸ்க்னோப்ஃப்லே கிடைத்தால் விடாதீர்கள்: மாவுருண்டைகளைப் பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துப் போட்டு, பக்கத்தில் ஆப்பிள் மசியல் வைத்துத் தருவார்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பார்லி சூப் பார்க்க அப்பாவியாக இருக்கும், அடியில் உப்பிட்டுக் காயவைத்த இறைச்சித் துண்டு கிடக்கும்.